மாடிச் சேலைக் கடைக்கு இன்ஸ்டாகிராம்: ஒரு சிறு வணிகக் குடும்பத்தின் மதிப்பீடு

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் தியாகராய நகரின் உட்தெருக்களிலும் முதல் மாடியில் இயங்கும் சிறு சேலைக் கடைகள் பல உண்டு. தரைத்தள வாடகை கட்டுப்படியாகாமல் மாடியேறிய இக்கடைகளுக்குப் படி ஏறி வருகிறவர் பெரும்பாலும் யாராவது சொல்லித்தான் வருவார். தெருவில் போகிறவர் தற்செயலாக ஒரு சேலையைப் பார்த்து நின்று, விலை கேட்டு, உள்ளே நுழைவது இங்கே நடப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு கைத்தறிச் சேலைக் கடையைக் குடும்பமாக நடத்துகிறவர்கள் என்ற முறையில், இன்ஸ்டாகிராமின் வணிகக் கணக்கு எங்களைப் போன்றவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதையும், அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய வேறு சில சேவைகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தெருவைப் பார்த்த ஷோகேஸாக இன்ஸ்டாகிராம் மிக நல்ல சேவை, கல்லாப்பெட்டியாக அதை நம்ப முடியாது.

2010 அக்டோபரில் ஐபோனுக்கான படப் பகிர்வுச் செயலியாக வெளிவந்த இன்ஸ்டாகிராமை 2012-இல் ஃபேஸ்புக் நிறுவனம் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. வணிகர்களுக்கென்று தனிக் கணக்கு 2016-இல் வந்தது. நம் ஊர்ச் சிறு கடைகளைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான ஆண்டு 2020. அவ்வாண்டு ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்ய, அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் குறுவீடியோ வசதியான ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சாதாரணப் படங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களுக்கே போய்ச் சேருகின்றன. கடையின் பெயரையே கேள்விப்படாத வேளச்சேரிக்காரர் ஒருவர் நம் சேலையைப் பார்ப்பது அநேகமாக ஒரு ரீல் வழியாகத்தான். ஆகவே, 'எனக்கு வீடியோ எல்லாம் வராது, போட்டோ மட்டும் போடுகிறேன்' என்று தொடங்குகிறவர் சேவையின் பாதியை முதல் நாளே கைவிடுகிறார்.

கணக்கு தொடங்குவது இலவசம். சாதாரணக் கணக்கை வணிகக் கணக்காக மாற்றுவதும் இலவசம். மாற்றியவுடன் தொலைபேசி, முகவரி ஆகியவற்றுக்கான பொத்தான்களும், எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கின்றன. பெயர் எழுதும் கட்டத்தில் பலரும் கடையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தேடலில் அகப்படுகிற கட்டம் அது என்பதால், கடையின் பெயருடன் 'கைத்தறிச் சேலை, மயிலாப்பூர்' என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. அறிமுகக் குறிப்புக்கு 150 எழுத்துகள்தாம் இடம். அதில் மேற்கோள்களையும் பூக்களையும் நிரப்பாமல், கடை திறந்திருக்கும் நேரம், வெளியூருக்கு அனுப்புவீர்களா என்ற தகவல், எந்தக் கோயில் வாசலிலிருந்து எப்படி வர வேண்டும் என்ற வழி ஆகியவற்றை எழுதலாம். பதிவின் கீழே எழுதும் குறிப்பில் இணைய முகவரியை ஒட்டினால் அதைத் தொட்டுத் திறக்க முடியாது. கணக்கின் முகப்பில்தான் (புரொஃபைல்) வைக்க வேண்டும், அங்கே ஐந்து இணைப்புகள் வரை இடம் உண்டு. மூன்று பதிவுகளை முகப்பின் உச்சியில் நிலையாக நிறுத்திவைக்கலாம் என்பதால், கடைக்கு வரும் வழியைப் படியிலிருந்து காட்டும் ஒரு வீடியோவை அவற்றில் ஒன்றாக வைப்பது மாடிக் கடைக்காரர்களுக்குப் பெரிய உதவி.

இனி நிறத்துக்கு வருகிறேன், ஏனெனில் சேலை வியாபாரத்தில் படம் வெல்வதும் தோற்பதும் அங்கேதான். மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு என்னும் நீள இழை நீலமாகவும் ஊடை என்னும் குறுக்கிழை பச்சையாகவும் இருப்பதால், பார்க்கும் கோணம் மாற மாற நிறமும் மாறுகிறது. அதை ஒரே படமாக எடுத்தால் ஒன்று நீலச் சேலையாகத் தெரியும், இல்லையென்றால் பச்சைச் சேலையாகத் தெரியும். இரண்டில் எதை நம்பி வாங்கினாலும் பெட்டியைப் பிரித்தவர், 'நான் கேட்டது இது இல்லையே' என்றுதான் சொல்வார். அதே சேலையின் முந்தானையை இரு கைகளிலும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்து எடுத்த பத்து நொடி வீடியோவில் நீலம் பச்சைக்கு நழுவுவதும், மடிப்பின் முதுகில் இரண்டும் சேர்ந்து நிற்பதும் தெளிவாகத் தெரிகின்றன. இப்படி ஒரு வீடியோவைப் பார்த்து வாங்கியவர் நிறத்துக்காகச் சேலையைத் திருப்பி அனுப்புவது அரிது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை வெயில் நேராக விழாத ஜன்னலோரமே போதும். ஆனால் அந்த நேரத்தில் டியூப்லைட்டையும் பல்பையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னலின் வெள்ளை வெளிச்சமும் பல்பின் மஞ்சளும் கலந்து விழுந்தால், கைபேசி எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் அரக்கைச் செங்கல் நிறமாக்கிவிடும். திரையில் சேலையின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் ஜரிகை வெளுத்துப்போகாமல் அதன் இழை தெரியும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கைபேசியை நிறுத்தச் சிறிய முக்காலி ஒன்று வாங்குவது வீண்செலவு அல்ல. ரிங் லைட் எனப்படும் வட்ட விளக்கை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: முகத்துக்கு அது அழகு செய்யலாம், ஆனால் நேர் எதிரிலிருந்து விழும் வெளிச்சம் நெசவின் மேடு பள்ளத்தை அழித்து, பட்டின் மீது ஒரு வெள்ளை வட்டத்தையும் பதித்துவிடுகிறது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் வைரஊசிக் கோடும் பாலும் பழமும் கட்டமும் துணியிலிருந்து எழுந்து தெரியும்.

வாடிக்கையாளர் கடைக்கு வந்தால் கையால் என்னவெல்லாம் செய்வாரோ, அதையெல்லாம் வீடியோ செய்து காட்ட வேண்டும். துணியின் பின்னால் உள்ளங்கையை வைத்து அது எவ்வளவு மெல்லியது என்று பார்ப்பார். கரையைப் புரட்டிப் பின்பக்கத்தில் இழை தொங்குகிறதா என்று பார்ப்பார். பிளவுஸ் துணி உடலின் நிறமா, கரையின் நிறமா என்று கேட்பார். பட்டு என்றால், அது சுத்தப் பட்டு என்று சான்று தரும் சில்க் மார்க் அட்டையைத் தேடுவார். இவை நான்கையும் காட்டி, தமிழில் நம் குரலிலேயே நிதானமாகச் சொன்னால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. சேலையைக் கட்டிய பெண் சுழன்று சிரிக்கும் ரீலுக்கு இதைவிட அதிக விருப்பக்குறிகள் கிடைக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலை கேட்டு வருகிற செய்திகள் பின்பக்கம் காட்டிய வீடியோவுக்கே அதிகம் வருகின்றன என்பது எங்கள் கடை அனுபவம்.

படத்தை நாமே எடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொத்த வியாபாரி வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் ஒரே படத்தை அக்குழுவில் உள்ள எல்லா ரீசெல்லர்களும் அப்படியே பதிவேற்றுவதால், ஒரே சேலை, ஒரே மாடல், ஒரே பூந்தொட்டி, ஆளுக்கொரு விலை என்று வாடிக்கையாளரின் திரையில் வரிசையாக வந்து நிற்கிறது. அப்போது அவர் பார்க்கக்கூடிய ஒரே வேறுபாடு விலைதான். அந்தப் போட்டியில் சிறு கடை ஜெயிக்காது. சொந்தப் படம் சுமாராக இருந்தாலும், அந்தச் சேலை உண்மையிலேயே இந்தக் கடையின் அலமாரியில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிறர் எடுத்த படத்தின் உரிமை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நம்முடையது அல்ல என்பதும் இதோடு சேர்ந்தது. அதேபோல், வாடிக்கையாளர் தன் வீட்டுத் திருமணத்தில் அந்தச் சேலையைக் கட்டி எடுத்த படத்தை அன்போடு அனுப்பினால், 'பதிவு போடலாமா மேடம்?' என்று கேட்டு எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகே போட வேண்டும்.

பதிவுகளின் வடிவமைப்புக்குக் கேன்வா என்ற இணையச் செயலியின் இலவசப் பதிப்பே தொடக்கத்தில் போதுமானது, ஆனால் தமிழுக்கு அதைக் கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கிறது. அதன் மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. அதில் தமிழைத் தட்டியவுடன் தேர்ந்தெடுத்த எழுத்துரு மறைந்து, ஏதோ ஒரு பொது எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பாலூ தம்பி போன்ற தமிழ் எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடையின் எல்லாப் பதிவுகளுக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை ஆங்கில மாதிரியில் இருந்தபடியே விட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் மோதிக்கொள்ளும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதி அசிங்கம் போய்விடும்.

அளவுகளும் அவ்வப்போது மாறுகின்றன. நீண்ட காலம் சதுரமாக இருந்த முகப்புக் கட்டம் 2025 ஜனவரியில் உயரவாக்கில் நீண்ட வடிவுக்கு மாறியபோது, சதுரத்தின் ஓரம் வரை எழுதிவைத்திருந்த பழைய விளம்பரங்களின் வார்த்தைகள் இருபுறமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. ரீலுக்கு 1080-க்கு 1920 பிக்சல் என்ற அளவுதான் இன்றும் வழக்கம். ஆனால் அதன் அடிப்பகுதியைக் கணக்குப் பெயரும் குறிப்பும் மறைத்துக்கொள்ளும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும். விலையைக் கொண்டுபோய் அடியில் எழுதுகிற வழக்கத்தைப் பல கணக்குகளில் பார்க்கிறேன். அது யார் கண்ணிலும் படாது. நடுவுக்குச் சற்று மேலே எழுதுவதே சரி.

பாட்டு விஷயத்தில் சிறு வணிகர்கள் கவனமாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்கில் தாராளமாகக் கிடைக்கும் திரைப்பாடல்களில் பல, வணிகக் கணக்கில் கிடைப்பதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு இசை உரிமம் வேறு என்பதே காரணம். இதற்காகவே கணக்கைத் தனிநபர் வகைக்கு மாற்றிக்கொள்ளும்படி அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கணக்கின் வகையை மாற்றுவதால் விளம்பரத்தில் பாட்டைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடுவதில்லை. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா (முன்பு ஃபேஸ்புக்) இலவசமாகத் தரும் ஒலித் தொகுப்பில் வேண்டிய அளவு பின்னணி இசை இருக்கிறது, எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

விலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. 'பிரைஸ் ப்ளீஸ்', 'விலை எவ்ளோ அக்கா?' என்று பதிவின் கீழே நாற்பது பேர் கேட்க, நாற்பது பேருக்கும் 'இன்பாக்ஸ் பாருங்க சிஸ்' என்று ஒரே பதிலை ஒட்டுகிற பழக்கம் நம் ஊர்க் கணக்குகளில் வேரூன்றிவிட்டது. கருத்துகளின் எண்ணிக்கை கூடினால் பதிவு பலருக்கும் போய்ச் சேரும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். வாங்கும் எண்ணத்துடன் வந்தவர் அதற்குள் வேறு கடைக்குப் போய்விடுகிறார் என்பதும், ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் எழுகிறது என்பதும் அந்த நியாயத்தில் அடங்கவில்லை. இணையத்தில் விற்போர் எல்லாக் கட்டணமும் அடங்கிய மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பதே 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் சொல்வது. விலையைப் படத்திலும், கூரியர் செலவைக் குறிப்பிலும் எழுதிவிட்டால், அதன் பிறகு வருகிற செய்திகள் குறைவாக இருக்கும். வருகிறவை பெரும்பாலும் வாங்குகிறவர்களுடையதாக இருக்கும்.

அவர்களை அடுத்து அழைத்துச் செல்ல வேண்டிய இடம் வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் வெளிவந்து, அதே மாதத்தில் இந்தியாவுக்கும் வந்த இந்தச் செயலியும் இலவசம்தான். இதன் கேட்டலாக்கில் ஐந்நூறு பொருட்கள் வரை விலையுடனும் குறியீட்டு எண்ணுடனும் அடுக்கலாம். 'பணம் வர வேண்டும்', 'கூரியர் அனுப்பியாயிற்று' என்று உரையாடல்களுக்கு நிறச்சீட்டு ஒட்டலாம். அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். கடையின் 044 தரைவழி எண்ணிலேயே இதைப் பதிவு செய்யலாம் என்பதும், சரிபார்ப்புக்கு அழைப்பு வழியாக எண் சொல்வார்கள் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்; ஆகவே பில் போடும்போதே, 'எங்க நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க மேடம்' என்று சொல்லிவிடுவது நல்லது. பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சேலையை அனுப்பக் கூடாது, வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

இவ்வளவையும் யார் செய்வது என்று மலைத்து, மாதக் கட்டணத்துக்கு ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கும் ஒரு நிறுவனம் சில மாதங்கள் வேலை செய்தது. ஒப்பந்தப்படி மாதத்துக்கு இத்தனை போஸ்டர்கள் என்று எண்ணிக் கொடுத்தார்கள், எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி வாழ்த்துப் படங்கள். மார்ச் 22 அன்று உலகத் தண்ணீர் தினத்துக்கு ஒரு துளியும், அதன் கீழே எங்கள் கடையின் பெயரும் வந்தபோது, சேலைக் கடைக்கும் அந்தத் துளிக்கும் என்ன உறவு என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டேவிட்டார். கடைக்கு வந்து ஒரு சேலையைப் பிரித்துப் பார்க்காமல், மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தருகிற சேவைக்குக் கொடுக்கும் பணத்தில், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணை வாரம் இரண்டு காலை வேளை கடைக்கு வரவழைத்து வீடியோ எடுக்கச் சொல்லலாம். நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

எண்களில் பின்தொடர்வோர் எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு பதிவை எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்பவையே நமக்குப் பயன்படும். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பவற்றை முக்கியமான அளவுகோல்களாக இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மோசெரி 2025-இன் தொடக்கத்தில் குறிப்பிட்டார். சேலைக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது: அடையாறில் இருக்கும் மகள் பார்த்து, திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பி, இருவரும் பேசி முடித்த பிறகே பணம் வருகிறது. காசு கொடுத்துப் பதிவை முன்னிறுத்துவதென்றால், தானாகவே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வீடியோவுக்கு மட்டும், சென்னைக்குள் மட்டும், சிறு தொகையில் செய்து பார்க்கலாம். யாரும் பார்க்காத பதிவுக்குப் பணம் கட்டி உயிர் கொடுக்க முடியாது. பருவத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே தையற்காரர்கள் புதிய பிளவுஸ்களைத் தைக்க வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடுவதால், தீபாவளிச் சேலையை நவராத்திரிக்கு முன்பும், மார்கழிக் கச்சேரிக்குக் கட்டும் சேலையைக் கார்த்திகை பிறப்பதற்கு முன்பும் காட்டிவிட வேண்டும்.

ஃபாலோயர் அதிகம் உள்ளவர்களுக்குச் சேலை கொடுத்துக் கட்டச் சொல்வதும் ஒரு வழிதான். அப்படிச் செய்தால் அது விளம்பரம் என்று பார்த்தவுடன் புரியும்படி எழுத வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலும், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கின்றன. பணம் வாங்காமல் சேலையை மட்டும் இலவசமாகப் பெற்றாலும் இது பொருந்தும்.

படங்களைத் தேடிச் சேமித்துவைக்கும் தளமான பின்டரெஸ்டை மணப்பெண் பிளவுஸ் வடிவங்களுக்காகப் பெண்கள் தேடுவதால், அங்கே வைத்த படம் மாதங்கள் கழித்தும் யாராவது ஒருவரைக் கூட்டி வருகிறது, படத்திலேயே இணைப்பும் வைக்கலாம். ஆனால் கூட்டி வரப்படுகிறவர் சென்னைக்காரராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேரம் குறைவாக உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்து, படிக்கட்டின் வாசல், பெயர்ப்பலகை, உள்தோற்றம் ஆகியவற்றின் படங்களை ஏற்றுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

கணக்கைத் தொடங்கும்போது கடையின் சொந்த மின்னஞ்சலிலும், கடையின் பெயரிலுள்ள கைபேசி எண்ணிலும் மட்டுமே தொடங்க வேண்டும். வேலைக்கு இருக்கும் பையனின் எண்ணிலோ, விளம்பர நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ தொடங்கிவிட்டு, அவர்கள் விலகிய பிறகு கணக்கை மீட்க அலைகிறவர்கள் தியாகராய நகரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கடவுச்சொல்லுடன் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை அன்றே இயக்கிவிட வேண்டும். 'உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், இந்த இணைப்பைத் தொடவும்' என்று மிரட்டி வரும் செய்திகள் கடவுச்சொல்லைப் பறிப்பதற்காக வருபவை. இன்ஸ்டாகிராம் உண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் திறக்காமலே அழித்துவிடலாம்.